வீட்டு வாசலில் சட்டம் – 11: மஞ்சள் உறையில் எழுதிய திகதி

உரும்பிராயில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாய் இங்கே, மகன் ஜேர்மனியில், டோர்ட்முண்டில். தாயின் பழைய பிரிஜ் பழுதாகிவிட, மகன் அங்கிருந்தபடியே யாழ்ப்பாணக் கடையொன்றின் இணையத்தளத்தில் புதிதாக ஒன்றை ஓடர் பண்ணி, கார்ட்டால் காசும் கட்டிவிடுகிறான். லொறியில் பெட்டி வந்து இறங்குகிறது. பத்து நாள் ஒரு குறையுமில்லை. பிறகு மேலே ஐஸ் கட்டுகிறது, கீழ்த்தட்டில் வைத்த பால் திரைகிறது. மகனுக்குச் சொன்னால், "பதினாலு நாளுக்குள்ள காரணம் சொல்லாமலே திருப்பிக் குடுக்கலாம் அம்மா, யோசிக்காதேங்கோ" என்கிறான். கடைக்கு எடுத்தால், "வித்த சாமானைத் திருப்பி எடுக்கிறேல்லை அம்மா, வேணுமெண்டால் திருத்திறதுக்கு ஆள் அனுப்புறம்" என்கிறார்கள்.

இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறார்கள். இதற்கிடையில் நாட்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இந்தக் கிழமை அந்த நாட்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். சட்டம் எதிராக இருந்ததால் தோற்றவர்களைவிட, திகதி கடந்ததால் தோற்றவர்கள் எங்கள் ஆட்களில் அதிகம் என்பது என் எண்ணம்.

மகன் சொல்லும் பதினான்கு நாள் ஜேர்மன் சட்டத்தில் உண்மையாகவே இருக்கிறது. 1900 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஜேர்மன் குடியியல் சட்டக்கோவையில் பின்னாளில் சேர்க்கப்பட்ட உரிமை அது. இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்கிய பொருளை, கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் கேட்க முடியாது. தொட்டுப் பார்க்காமல் வாங்குகிறவருக்கு, வீட்டில் வைத்துப் பார்க்க அவகாசம் வேண்டும் என்பதுதான் அதன் நியாயம். வீட்டு வாசலுக்கு வந்து கையெழுத்து வாங்கிப்போகும் விற்பனைக்கும் இது பொருந்தும்.

ஆனால் ஜேர்மனியில் முப்பது வருடம் இருந்தவர்கள்கூட இதில் பிழை விடுகிறார்கள். கடைக்குள் போய், போட்டுப் பார்த்து வாங்கிய சப்பாத்துக்கு இந்த உரிமை கிடையாது. பில்லைக் காட்டியதும் மாற்றித் தரும் கடைகள் தங்கள் வியாபார வழக்கத்தால் தருகின்றன, சட்டம் சொல்லி அல்ல. பழுதான பொருள் வேறு கதை: அதற்கு எங்கே வாங்கினாலும் இரண்டு வருடப் பொறுப்பு விற்றவருக்கு உண்டு. 2022 ஜனவரி முதல் வாங்கியவற்றில், முதல் ஒரு வருடத்துக்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலேயே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியது கடைக்காரர்.

இன்னொன்று. பார்சலை ஒன்றும் எழுதாமல் திருப்பித் தபாலில் போட்டால் போதாது. 2014 ஜூன் 13 முதல், "இந்த ஒப்பந்தத்தை நான் மீளப்பெறுகிறேன்" என்று விற்றவருக்குத் தெளிவாக அறிவிக்கவேண்டும். இரண்டு வரி மின்னஞ்சல் போதும். சாமத்திய வீட்டுக்கு அளவு கொடுத்துத் தைப்பித்த பிளவுஸை இந்த உரிமையைக் காட்டித் திருப்ப முடியாது. கெட்டுப்போகும் உணவும் அப்படியே. மறுபக்கம், இப்படி ஒரு உரிமை இருப்பதை விற்றவர் முறைப்படி அறிவிக்காமல் விட்டிருந்தால், 14 நாளோடு மேலும் 12 மாதம் கிடைக்கும்.

உரும்பிராய்க்கு வந்த பிரிஜுக்கு இது பொருந்துமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோம் ஒன்று என்ற ஒழுங்குவிதியின்படி, விற்பவர் தன் வியாபாரத்தை வாங்குபவர் வாழும் நாட்டை நோக்கி நடத்தினால், அந்த நாட்டுச் சட்டம் வாங்குபவரைக் காக்கும். இணையத்தளம் ஜேர்மனியிலும் திறக்கிறது என்பது மட்டும் போதாது. 2010 டிசெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இதே கருத்தைத் தீர்ப்பாகச் சொல்லிவிட்டது. விலையை யூரோவில் போட்டு, வெளிநாட்டு உறவுகளே என்று அழைத்து விளம்பரம் செய்யும் கடையென்றால் வாதாட இடமுண்டு. ஆனால் டோர்ட்முண்டில் தீர்ப்பு வாங்கி யாழ்ப்பாணத்தில் காசு அறவிடுவது ஒரு பிரிஜுக்காக யாரும் போகும் வழியல்ல. மகன் தன் வங்கியிடம் கார்ட் கொடுப்பனவைத் திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம். அதற்கும் நாட்கணக்கு உண்டு, உடனே கேட்கவேண்டும்.

உறுதியான வழி இங்கேதான் இருக்கிறது, அதுவும் தாயின் கையில். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், காசு கட்டியவரை மட்டும் பாவனையாளராகப் பார்க்கவில்லை. விலை கொடுத்துப் பெற்ற பொருளைப் பாவிக்கிறவரும் பாவனையாளர்தான். "காசு கட்டினது உங்கடை மகன், அவரை வரச்சொல்லுங்கோ" என்று கடையில் சொன்னால் தாய் தயங்கத் தேவையில்லை. உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றி அதிகாரசபைக்கு அவரே முறையிடலாம். அதிகாரசபை இரு தரப்பையும் விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, வேறு பொருள் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடலாம். சுவரில் ஒட்டியிருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற மட்டை இந்த முறைப்பாட்டைத் தடுக்காது.

ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேரவேண்டும். கடைக்காரர் "அடுத்த கிழமை ஆள் வரும்" என்று சொல்லிச் சொல்லியே அந்த மூன்று மாதமும் கரைந்துவிடும். திருத்த ஆள் வருவதற்குக் காத்திருங்கள்; முறைப்பாட்டுக்குக் காத்திருக்காதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம், ஆனால் தொலைபேசியில் சொன்னதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. பெயர், விலாசம், கடையின் பெயர், விலாசம், வாங்கிய திகதி, என்ன பழுது, என்ன கேட்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி, பில்லினதும் வாரண்டி அட்டையினதும் பிரதியை இணைத்துப் பதிவுத் தபாலில் போடுங்கள்.

மூன்று மாதம் போதாது என்றே நான் நினைக்கிறேன். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இரண்டு வருடம் கொடுக்கிறது. வாங்கியவர் தான் வசிக்கும் இடத்திலேயே முறையிடலாம் என்றும் சொல்கிறது. மாசியில் வாங்கிய தண்ணீர்ப் பம்பின் குறை ஆனியில்தான் தெரியும் என்பது தோட்டம் செய்கிறவருக்குத் தெரியும், எங்கள் சட்டத்துக்குத் தெரியவில்லை.

பம்ப் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயம் போடுகிற பலர் இப்போது இறைக்கும் மெசினைக்கூட பேஸ்புக்கில் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். வாங்குமுன் வட்ஸ்அப்பில், "கிணறு இவ்வளவு ஆழம், கடைசிப் பாத்தி இவ்வளவு தூரம், இதுக்குக் காணுமோ?" என்று கேட்கிறார்கள். "காணும் அண்ணை, தாராளமாய்க் காணும்" என்று பதில் வருகிறது. அந்தப் பதில் பொன் மாதிரி. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்தவேண்டும் என்ற நிபந்தனை எழுதாமலே ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும் என்கிறது அது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னியல் கொடுக்கல் வாங்கல் சட்டமோ, மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக ஒரு ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது என்கிறது. ஆகவே அந்த உரையாடலை அழிக்காதீர்கள். போன் மாற்றும்போது அதையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

கூரியர்காரர் காசை வாங்கிய பிறகுதான் பெட்டியை விடுவார். சரி, காசைக் கொடுங்கள். ஆனால் நாடாவை வெட்டுமுன் பக்கத்தில் ஒரு பிள்ளையை நிற்பாட்டி, பெட்டியில் ஒட்டிய விலாசச் சீட்டிலிருந்து தொடங்கி, சாமான் வெளியே வரும்வரை போனில் ஒரே வீடியோவாக எடுக்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் பில் இல்லையென்றால் அன்றைக்கே கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள கடமை. வாரண்டி அட்டையில் கடையின் முத்திரையும் திகதியும் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனையோ வீடுகளில் அது வெறுமையாக அலுமாரிக்குள் கிடக்கிறது.

இதுவரை சொன்னது நாங்கள் போய்க் கேட்கும் உரிமை. நாள் தப்பினால் அது எங்களை விட்டுப் போகும், அவ்வளவுதான். ஜேர்மனியில் இருக்கும் உறவுகளுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அங்கே நாள் தப்பினால், இல்லாத கடனும் கடனாகிவிடும்.

மஞ்சள் உறை ஒன்று வீட்டுத் தபால் பெட்டிக்கு வரும். தபாற்காரர் அதன் மேல் கொண்டுவந்து சேர்த்த திகதியைப் பேனாவால் எழுதியிருப்பார். உள்ளே இருப்பது மான்பெஷைட், அதாவது நீதிமன்றத்தின் கொடுப்பனவுக் கட்டளை. அனுப்பிய ஊர் கோபுர்க் என்றோ ஹூன்ஃபெல்ட் என்றோ ஹாகென் என்றோ இருக்கும். இந்த வேலை சில குறிப்பிட்ட நீதிமன்றங்களில் மொத்தமாக நடப்பதால், வாழ்நாளில் கால் வைக்காத ஊரிலிருந்தும் வரும். "இது ஆரோ ஏமாத்திற பிரீவ்" என்று அந்தக் கடிதத்தைத் தூக்கி எறிகிறவர்கள் இங்கேதான் அகப்படுகிறார்கள்.

அந்தத் தாளில் ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கும்: கோருபவருக்கு இந்தக் காசு உண்மையில் சேரவேண்டியதா என்று நீதிமன்றம் பார்க்கவில்லை. ஒருவர் விண்ணப்பித்தார், கணினி அச்சிட்டது, தபாலில் வந்தது. எப்போதோ முடித்த கைத்தொலைபேசி ஒப்பந்தமாக இருக்கலாம், செய்யாத ஓடராக இருக்கலாம். கூடவே ஒரு படிவம் வரும். கோரிக்கை முழுவதையும் மறுக்கிறேன் என்ற கட்டத்தில் கோடிட்டு, கையெழுத்து வைத்து, இரண்டு கிழமைக்குள் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேரும்படி அனுப்பவேண்டும். காரணம் எழுதத் தேவையில்லை, சட்டத்தரணி தேவையில்லை. அதன் பிறகு காசு கேட்பவர்தான் வழக்கு நடத்தித் தன் கோரிக்கையை நிறுவவேண்டும். உண்மையில் கொடுக்கவேண்டிய காசு என்றால் மறுக்காதீர்கள், செலவு கூடும்.

பேசாமல் இருந்தால், கேட்பவரின் விண்ணப்பத்தின் பேரில் இரண்டாவது மஞ்சள் உறை வரும். அது நிறைவேற்றுக் கட்டளை. அதை எதிர்க்கவும் இரண்டு கிழமைதான். அதுவும் போய்விட்டால், யாரும் ஆராயாத அந்தத் தொகை முப்பது வருடம் உயிரோடு இருக்கும். வங்கிக் கணக்கை முடக்கலாம், சம்பளத்தில் பிடிக்கலாம்.

கடன் அறவிடும் இன்காசோ நிறுவனங்களின் கடிதம் வேறு. அவர்கள் நீதிமன்றம் அல்ல. எவ்வளவு கடுமையாக எழுதினாலும் சாதாரணத் தபாலில் வரும் ஒரு தனியார் கடிதம் அது. அதைக் கண்டு பயந்து கட்டிவிடுகிறார்கள், மஞ்சள் உறையைத் திறக்காமல் வைக்கிறார்கள். நேர்மாறாக நடக்கவேண்டியது. கணக்கிலிருந்து தெரியாத தொகை தானாகக் கழிக்கப்பட்டிருந்தால், அனுமதி கொடுத்த கழிவென்றாலும் எட்டுக் கிழமைக்குள் காரணமின்றி வங்கி மூலம் திருப்பி எடுக்கலாம். அனுமதியே கொடுக்காததற்கு 13 மாதம்.

எண்பதுகளில் கிழக்குப் பேர்லின் வழியாகப் போய் இறங்கியவர்கள் இப்போது ஓய்வூதிய வயதில் இருக்கிறார்கள். வேலைத்தள ஜேர்மன் பேசுவார்கள். நீதிமன்ற ஜேர்மன் வேறு பாஷை. அந்த உறை பதினொரு வயதுப் பேரப்பிள்ளையிடம் போகிறது. அந்தப் பாரத்தைப் பிள்ளையின் தலையில் வைப்பது சரியில்லை, தேவையுமில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் பாவனையாளர் ஆலோசனை மையம் இருக்கிறது, ஃபெர்பிரவுக்கர்சென்ட்ராலே என்று கேட்டால் காட்டுவார்கள். வருமானம் குறைந்தவர் தன் ஊர் நீதிமன்றமான அம்ட்ஸ்கெரிக்டில் ஆலோசனை உதவிப் பத்திரம் பெற்றால், சட்டத்தரணிக்கு 15 யூரோ மட்டும் கொடுத்து ஆலோசனை பெறலாம்.

கடைசியாக, ஆடி ஆவணிக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கு. நல்லூர்த் திருவிழா 25 நாள். அதோடு கருணாகரப் பிள்ளையார், உறவுக்காரர் வீடுகள் என்று ஐந்து கிழமை போய்விடும். அதற்குள் மஞ்சள் உறை டோர்ட்முண்ட் தபால் பெட்டிக்குள் விழுந்தால், விழுந்த அன்றே அது சேர்ந்ததாகச் சட்டம் கணக்கிடும். நீங்கள் உரும்பிராயில் நிற்பது அதற்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பெட்டித் திறப்பைக் கொடுத்து, மஞ்சளாக ஏதும் வந்தால் திறந்து, திகதி தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அப்படிச் செய்யாமல் வந்து, திரும்பிப் போய்த் திறக்கும்போது நாள் தப்பியிருந்தால் கைவிடவேண்டாம். நிறைவேற்றுக் கட்டளை இன்னும் பிறப்பிக்கப்படவில்லையென்றால், இரண்டு கிழமை கடந்த மறுப்பும் செல்லும். அந்தக் கட்டளையும் வந்து அதன் நாளும் தப்பியிருந்தால், பழைய நிலைக்குத் திருப்பும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். விடுமுறைக்காகச் சில கிழமை வீட்டில் இல்லாதவர் கடிதம் பார்க்க ஆள் வைக்கவில்லை என்று பிழை சொல்ல முடியாது என்பது ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் நிலைப்பாடு. வழக்கு வரும் என்று முன்பே தெரிந்தவருக்கு இந்தச் சலுகையை நம்ப முடியாது. இதற்கும் இரண்டு கிழமைதான், வீட்டுக்குத் திரும்பி விஷயம் தெரிந்த நாளிலிருந்து. அந்த விண்ணப்பத்தோடேயே எதிர்ப்பையும் அனுப்பவேண்டும். விமானச் சீட்டு, போர்டிங் பாஸ், கட்டுநாயக்காவில் கடவுச்சீட்டில் குத்திய முத்திரை எல்லாவற்றின் பிரதியும் இணைக்கவேண்டும். போர்டிங் பாஸை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

(அடுத்த கிழமை: சாமத்திய வீட்டு வீடியோவை யூடியூப்பில் போடுமுன் யாரிடம் கேட்கவேண்டும்?)