முன்னுரை வேண்டாம்!

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள் மாலை, நம்மிடம் முன்பு தமிழ் படித்த மாணவி ஒருத்தி வீடு தேடி வந்தாள். பி.ஏ. தேறியவள். பத்திரிகைக் காரியாலயம் ஒன்றில் பயிற்சி நிருபர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தவறியிருந்தாள். கையில் இருந்த காகிதத்தை நம்மிடம் நீட்டி, "ஸார், நீங்கள் சொல்லிக் கொடுத்தபடிதான் எழுதினேன்" என்றாள். அந்த வார்த்தையில் பணிவு இருந்தது, புகாரும் இருந்தது.

பரீட்சையில் கொடுத்த விஷயம் சாதாரணமானதுதான். ஒரு பஸ் வாய்க்காலில் கவிழ்ந்தது; மூவருக்குக் காயம்; பாலத்தின் கைப்பிடிச் சுவர் இடிந்து ஒரு வருஷமாகியும் அதைக் கட்டுவார் இல்லை. இதைச் செய்தியாக எழுத வேண்டும். நமது மாணவியோ, மனித வாழ்வின் நிலையாமையிலிருந்து ஆரம்பித்திருந்தாள். அடுத்தது சாலைகளின் பெருமை; அதற்கடுத்தது விஞ்ஞானத்தின் நன்மை தீமைகள். ஒன்பதாவது வரியில்தான் பஸ் தலையைக் காட்டியது! உதவி ஆசிரியர் ஒருவர் முதல் எட்டு வரிகளின் மேல் பென்சிலால் கோடு இழுத்து, ஓரத்தில் "பஸ் எங்கே?" என்று எழுதியிருந்தார். தவறு இன்னதென்று அவள் கேட்டதற்காகக் காகிதத்தையே கையில் கொடுத்து அனுப்பினாராம். நல்ல மனிதர்.

அந்தப் பென்சில் கோடு அவள் மேல் விழுந்ததல்ல, நம் மேல் விழுந்தது. இருபது வருஷங்களாக நாம் பிள்ளைகளுக்குப் போதித்து வருவது என்ன? குறிப்புச் சட்டகம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. பக்கம் நிரம்பாவிட்டால் சிவப்பு மையால் "விரித்து எழுதுக" என்று போடுகிறோம். பரீட்சை அதிகாரி கட்டுரையைக் கடைசி வரை படித்தே தீர வேண்டியவர். அதற்குச் சம்பளம் வாங்குகிறவர். பத்திரிகை வாசகருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. காப்பி ஆறுவதற்குள் பக்கத்தைத் திருப்பி விடுவார்.

காரியாலயத்து ஏற்பாடு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பக்கம் கட்டும்போது இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவது பத்திரிகையின் வெகு நாளைய வழக்கம். ராத்திரி பத்து மணிக்கு விளம்பரம் ஒன்று கூடுதலாக வந்து சேர்ந்தால் கடைசிப் பாராவுக்குச் சிரச்சேதந்தான். ஆகையால் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு முதல் பாராவிலேயே விடை இருக்க வேண்டும். இடிந்த சுவரை அவள் கடைசி வரியில் வைத்திருந்தாள். அது வெட்டுப்பட்டிருந்தால் அந்த விபத்துக்குக் காரணமே ஊருக்குத் தெரியாமல் போயிருக்கும். கட்டவேண்டியவர்களுக்கு அதைவிடச் சௌகரியம் வேறென்ன?

ஆசிரியத் தொழில் செய்கிறவர்களுக்குப் பத்திரிகை எழுத்தே வராது என்று சொல்ல நாம் சம்மதிக்க மாட்டோம். 1878-ல் நண்பர்களுடன் சேர்ந்து 80 பிரதிகளுடன் 'ஹிந்து'வை ஆரம்பித்த ஜி. சுப்பிரமணிய ஐயர் பள்ளி ஆசிரியர். 1882-ல் 'சுதேசமித்திர'னைத் தொடங்கி, 1899-ல் அதைத் தினசரியாக்கியவரும் அவரே. 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழ் சொல்லிக் கொடுத்த இளைஞர் ஒருவர், அதே வருஷம் நவம்பரில் 'சுதேசமித்திர'னில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அவருக்கு அப்போது 22 வயது நிறையவில்லை. பெயர் சுப்பிரமணிய பாரதி. மகாகவிக்கு அங்கே கவிதை எழுதும் வேலையா கொடுத்தார்கள்? இங்கிலீஷில் வந்த செய்திகளையும் பிரசங்கங்களையும் தமிழாக்கும் வேலை. நாள்தோறும், நேரம் தவறாமல், வாசகருக்கு விளங்கும்படி எழுதியாக வேண்டும். பிற்பாடு அவருடைய வசனத்தில் நாம் காணும் வேகத்துக்கு அந்த மேஜையும் ஒரு காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

திரு. வி. கல்யாணசுந்தர முதலியாரும் வெஸ்லி கலாசாலைத் தமிழாசிரியர் வேலையை விட்டு, 1917-ல் 'தேசபக்த'னுக்கு ஆசிரியராக வந்தவர்தான். அவருடைய 'நவசக்தி'யில் 1923-ல் உதவி ஆசிரியராகச் சேர்ந்த ரா. கிருஷ்ணமூர்த்தியைப் பின்னர் தமிழுலகம் 'கல்கி' என்று அறிந்தது. இவர்களில் எவரும் பத்திரிகைத் தொழிலுக்கென்று பட்டம் பெற்றவரல்லர். அமெரிக்காவில் மிஸ்ஸௌரி சர்வகலாசாலை இதற்கென்று தனிக் கல்லூரி திறந்ததே 1908-ல்தான். சென்னை சர்வகலாசாலையில் பாடம் ஆரம்பமானது 1947-ல். இன்று பட்ட வகுப்புகள் பல இருக்கின்றன, நல்லதே. ஆனால் எழுதியதை இன்னொருவர் வெட்ட, வெட்டியது ஏன் என்று பக்கத்தில் நின்று பார்க்கும் படிப்பு வகுப்பறையில் முழுதும் கிடைப்பதில்லை.

பாஷையைப் பற்றியும் நமக்கு ஓர் அடி விழுந்தது. 1942-ல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கென்றே 'இதழாளர் கையேடு' என்று ஒரு புஸ்தகம் எழுதினார். மக்கள் பேசும் தமிழைக் கொச்சை நீக்கி எழுத வேண்டும் என்பது அவருடைய விதி. மாணவியின் காகிதத்தில் "பேருந்தானது நிலைதடுமாறிக் கவிழலாயிற்று" என்று இருந்தது. அது நமது நடையேதான்!

சரி, பிராயச்சித்தம் செய்ய வேண்டுமல்லவா? தினமும் மாலையில் அவள் ஊரில் நடந்த ஒரு சம்பவத்தைத் தந்தி அடிப்பதுபோல் எழுதி வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். இந்தியாவில் 2013 ஜூலையில் தந்தி நின்றுவிட்டது; அவள் ஒரு தந்தியையும் கண்ணால் கண்டதில்லை. வார்த்தைக்கு இவ்வளவு காசு என்று கணக்குப் பண்ணிக் கட்ட வேண்டும் என்று விளக்கியதும் அவளுக்குச் சிரிப்பு. முதல் நாள் 60 வார்த்தை. ஒரு வாரத்தில் 25. "மிகவும்", "பெரிதும்", "என்றால் மிகையாகாது" எல்லாம் தாமாகவே உதிர்ந்தன. பெயர்களையும் தலையெழுத்துகளையும் மட்டும் குறைக்கக் கூடாது. ஒருவர் பெயரில் ஓரெழுத்து மாறினால் வேறொருவர் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிடும்.

விளம்பரத்துக்கு எழுதுவதில் நமது யோக்கியதை இன்னும் சுமார். ஒரு தீபாவளிக்கு உள்ளூர் ஜவுளிக்கடை முதலாளி கேட்டாரென்று எதுகை மோனையோடு பன்னிரண்டு வரி எழுதிக் கொடுத்தோம். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு, "ரொம்ப நன்றாயிருக்கிறது ஸார். கடை எந்தத் தெரு என்று போடவில்லையே?" என்றார். விளம்பரம் எழுதுகிறவன் முதலில் வாங்க வருகிறவனாக நின்று பார்க்க வேண்டும். 'ஆனந்த விகட'னை 1928-ல் வாங்கிய எஸ். எஸ். வாசன் அதற்கு முன் விளம்பரத் தொழிலில் பழகியவர் என்பதைக் கவனிக்க. பொய்யும் கூடாது. சர்க்கரை வியாதியையும் புற்றுநோயையும் அடியோடு தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அது தெரியாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, 'முதலாளி சொன்னார்' என்பது சமாதானமாகாது.

வானொலிக்கு எழுதுவதானால் வாக்கியம் இன்னும் குறுக வேண்டும். கேட்கிறவர் முந்தின வரிக்குத் திரும்ப முடியாது.

ஆவணியில் அவளுக்கு மாவட்டச் செய்தித்தாள் ஒன்றில் இடம் கிடைத்தது. அவள் தாயார் நம்மிடம் கேட்ட முதல் கேள்வி, "மாதச் சம்பளம் எவ்வளவு?" என்பது. வெளியான செய்திக்கு ஏற்ற தொகை என்று சொன்னபோது அந்த அம்மாளின் முகம் வாடியது. அந்தக் கவலை நியாயமானது. ஊர் நிருபர்களில் பலருடைய நிலைமை இதுதான். "ஒரு வருஷம் பார்க்கட்டும்" என்றார்கள். நாமும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

இப்பொழுது ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வெளியான செய்திகளைக் கத்தரித்து அனுப்புகிறாள். சென்ற வாரத்தில் வந்தது, குடிநீர்க் குழாய் உடைந்து இருபது நாளாகச் சரி செய்யப்படாத செய்தி. ஆறே வரி. முதல் வரியிலேயே குழாய் இருந்தது. இருபது நாளும் இருந்தது. ஊர் பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரில் நமது ஜில்லாவிலேயே மூன்று ஊர்கள் உண்டு. எந்தத் தாலுகா என்று போடவில்லை. உடனே டெலிபோனில் கூப்பிட்டுச் சொன்னோம்.