முருங்கை நட்டவர்கள்

மலேசியத் தமிழரிடையே ‘தோட்டம்’ என்னும் சொல்லுக்குத் தனிப் பொருள் ஒன்று உண்டு. தமிழகத்தில் அச்சொல் பூவும் காயும் விளையும் சிறு நிலத்தைக் குறிக்கும். இங்கோ அது இரப்பரும் செம்பனையும் பயிரிடப்பட்ட பெருநிலத்தையும் அங்கு வாழ்ந்த மக்களின் ஊரையும் சேர்த்தே குறிக்கும். வீட்டுக்குப் பின்னால் கீரையும் காயும் விளைந்த இடத்தை மக்கள் ‘கொல்லை’ என்றனர். தோட்டம் நிறுவனத்திற்கு வருவாய் ஈட்டித் தந்தது. கொல்லை குடும்பத்தின் வயிற்றை நிரப்பியது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டப்புறங்களில் கொல்லை, கோழி, மேளம், நாளேடு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு வாழ்க்கை முறையை உருவாக்கின. அவ்வாழ்க்கை முறை எவ்வாறு அமைந்தது, பின்னர் அதற்கு என்ன நேர்ந்தது என்பதை அறிவது, இன்று நகரில் வாழும் தலைமுறைக்குப் பயன் தரும்.

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886ஆம் ஆண்டில் இரயில் ஓடத் தொடங்கியது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதுவே இன்றைய கிள்ளான் துறைமுகம். இரயிலும் துறைமுகமும் அமைந்த பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதியில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் காட்டை அழித்து, மரம் நட்டு, பால் எடுத்தனர். அவர்கள் குடியிருக்க ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள் வரிசையாகக் கட்டப்பட்டன. அவற்றை மக்கள் ‘லயம்’ என அழைத்தனர். ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டில் கேட்கும். ஒரு வீட்டில் தாளிப்பது மூன்றாம் வீட்டில் மணக்கும். வீட்டினுள்ளே இடம் குறைவு. ஆகவே, வாழ்க்கையின் பெரும்பகுதி வாசலிலும் கொல்லையிலுமே நடந்தது.

அங்கு ஒரு நாளின் நேரத்தை வகுத்துத் தந்தது இரப்பர் மரமே. விடியற்காலையில் மரப்பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் மிகுதியாக இருக்கும். அப்பொழுது பட்டையைச் சீவினால் பால் நன்கு வடியும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக வெளியேற்றுவதால் அழுத்தம் குறைந்து பால் வடிவது தளரும். எனவே, தொழிலாளர்கள் இருள் பிரியும் முன்னரே எழுந்து, ‘பெரட்டு’ எனப்படும் ஆள் கணக்கெடுப்பில் நின்று, பின்னர் தத்தம் நிரைக்குச் சென்றனர். மரம் சீவி, மங்குகளில் நிறைந்த பாலை வாளிகளில் சேகரித்து, நிறுத்துக் கொடுத்த பின் பிற்பகலில் வீடு திரும்பினர். மாலைப் பொழுது அவர்களுக்கு எஞ்சியது. அந்த மாலைப் பொழுதில்தான் கொல்லை செழித்தது.

கொல்லை அவர்களுக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. பட்டை நனைந்திருந்தால் பால் சிதறி வீணாகும். ஆதலால் மழை நாளில் மரம் சீவ இயலாது. வேலை செய்த நாளுக்கும் எடுத்த பாலுக்கும் ஏற்பவே ஊதியம் கிடைத்த காலத்தில், தொடர்ந்து பெய்யும் மழை அடுப்பையே அணைத்துவிடும். அத்தகைய நாள்களில் கொல்லையிலிருந்து வந்த கீரையும் கூட்டிலிருந்து வந்த முட்டையும் பிள்ளைகளைப் பட்டினியிலிருந்து காத்தன.

கொல்லையில் முருங்கை, கறிவேப்பிலை, வாழை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, பசலை, வெண்டை, கத்தரி, மிளகாய் ஆகியவை வளர்ந்தன. மலாய்க்கார அண்டை வீட்டாரிடமிருந்து கற்றுக்கொண்ட செராயும் பாண்டானும் அவற்றோடு சேர்ந்தன. இச்செடிகளுள் பலவற்றிற்கு விதை வாங்கத் தேவையில்லை. முருங்கைக்கு ஒரு போத்து போதும். மரவள்ளிக்கு ஒரு சாண் குச்சி போதும். வாழை பக்கக்கன்று விடும். கறிவேப்பிலை வேரிலிருந்தே கன்று விடும். ஆகவே, ஒரு வீட்டில் தழைத்த செடி சில மாதங்களில் லயம் முழுவதும் பரவியது. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாமல் ஒரு கொம்பை ஒடித்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குப் பாய்ந்தது. அடுப்புச் சாம்பல் கத்தரிக்கும் வெண்டைக்கும் இடப்பட்டது.

கொல்லையின் அருமை பஞ்ச காலத்தில் இன்னும் தெளிவாக விளங்கியது. ஜப்பானியர் ஆட்சிக் காலமான 1942 முதல் 1945 வரை வெளிநாட்டு அரிசி வருவது குறைந்தது, இரப்பருக்கும் விலையில்லை. பல குடும்பங்கள் மரவள்ளிக் கிழங்கையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் உண்டே உயிர் பிழைத்தன. அக்காலத்தைக் கடந்து வந்த முதியோருள் சிலர், வாழ்நாள் முழுவதும் மரவள்ளியைத் தொட மறுத்தனர். வேறு சிலரோ, கடைசிவரை கொல்லையின் ஒரு மூலையில் நான்கு மரவள்ளிச் செடியாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டனர். இருவகையினர் மனத்திலும் இருந்தது அதே பசியின் நினைவுதான்.

கொல்லையோடு இணைந்தே கோழியும் வளர்ந்தது. பகல் முழுவதும் மேய்ந்த கோழிகள் புழுவையும் பூச்சியையும் சிந்திய சோற்றையும் தின்று, அந்தியில் கூட்டுக்குத் திரும்பின. அவற்றிற்கெனத் தீவனம் வாங்கும் செலவு மிகக் குறைவு. பெட்டைக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு அடைக்கு உட்காரும் அறிகுறி தெரிந்ததும், வீட்டிலுள்ள பெண்கள் பழைய கூடையில் வைக்கோலோ துணியோ பரப்பி முட்டைகளை அடுக்கிவைப்பர். ஒரு வாரம் சென்றபின் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, கருக்கொள்ளாதவற்றை அகற்றுவர். இருபத்தொன்றாம் நாளில் குஞ்சு பொரிக்கும். எந்நாளில் வைத்தோம், எந்நாளில் பொரிக்கும் என்று கணக்கிட்டுக் காத்திருந்த சிறுவர்களுக்கு அதுவே முதல் அறிவியல் பாடம்.

கோழி ஒரு நடமாடும் சேமிப்பு எனலாம். பள்ளிக் கட்டணமோ மருந்துச் செலவோ வந்தால் ஒரு சேவல் விற்கப்படும். விருந்தினர் வந்தால் ஒரு கோழி குழம்பாகும். பிள்ளை பெற்றவளுக்கு நாட்டுக்கோழி முட்டையும் சாறும் கொடுத்து உடலைத் தேற்றினர். ஆனால் அச்சேமிப்புக்கு இடர்களும் இருந்தன. உடும்பும் பாம்பும் முட்டையைத் தேடி வரும். பருந்து குஞ்சைத் தூக்கிச் செல்லும். வெள்ளைக்கழிச்சல் நோய் பரவினால் சில நாள்களில் கூடே வெறிச்சோடிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் நோயுற்ற கோழியை உடனே தனியே பிரித்து வைத்தனர். கோழி எருவைக்கூட அப்படியே செடிக்கு இடமாட்டார்கள். புதிய எருவின் சூடு வேரைக் கருக்கிவிடும் என்பதால், அதைக் காய்ந்த சருகோடு கலந்து சில வாரம் மட்கவிட்ட பின்னரே இட்டனர். வீட்டுக் கழிவு கோழிக்கு, கோழியின் எரு செடிக்கு, செடியின் விளைவு வீட்டுக்கு என்று எதுவும் வீணாகாமல் சுழன்றது. இன்று ‘மறுசுழற்சி’ என்று வகுப்பறையில் கற்பிக்கப்படும் கருத்தை அவர்கள் அப்பெயர் அறியாமலே கடைப்பிடித்தனர்.

உடல் உழைப்பால் களைத்த மக்களுக்கு இசை ஆறுதல் தந்தது. வயலில் பாடிய பாட்டும் தாலாட்டும் கும்மியும் அவர்களோடு கப்பலேறி வந்தவை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆண்டுத் திருவிழா நெருங்கும்போது, வாரக்கணக்கில் மாலைதோறும் பயிற்சி நடக்கும். உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமல் ஒலி எழுப்பவும், மறுபக்கத்தைத் தட்டித் தாளம் கூட்டவும் இளைஞர்கள் மூத்தோரிடம் கற்றனர். அங்கு ஏட்டில் எழுதிய பாடம் எதுவும் இல்லை. பார்ப்பதும் கேட்பதும் கைவைத்துப் பழகுவதுமே பாடம். பகலில் கங்காணியின் ஆணைக்குத் தலைவணங்கி நின்றவர், இரவில் மேளத்தைத் தோளில் மாட்டியதும் ஊரே கேட்கும் கலைஞராக நிமிர்ந்தார். பின்னாளில் வானொலி வந்தது. ஒரு வீட்டில் ஒலித்த தமிழ்ப்பாடலை லயமே கேட்டு மகிழ்ந்தது.

வாசிப்பும் இவ்வாறே பலர் கூடிச் செய்யும் செயலாக இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அப்பள்ளிகள் எளியவை, பல இடங்களில் ஒரே கொட்டகையில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் நடத்தினார். எனினும், அங்கு எழுத்தறிந்த பிள்ளைகள் மாலையில் வீட்டு வாசலில் அமர்ந்து, எழுத்தறியாத பெற்றோருக்கு நாளேட்டை உரக்கப் படித்துக் காட்டினர். கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, சிங்கப்பூரில் 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகியவை தோட்டங்களுக்கும் வந்தன. ஒரே இதழ் பல கைகள் மாறியது. 1950களில் ‘தமிழ் முரசு’ நடத்திய மாணவர் மணிமன்றம் இளையோர் பலரை எழுத்தாளர்களாக்கியது.

அந்நாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தது. அங்கு தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று வலியுறுத்தி, தமிழ் நூல்கள் வாங்குவதற்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி திரட்டப்பட்டது. அதற்குத் தோட்டத் தொழிலாளர்களும் தங்கள் ஊதியத்திலிருந்து கொடுத்தனர். பல்கலைக்கழக வாயிலைக்கூடக் காணாதவர்கள், யாரோ ஒருவர் பிள்ளை படிப்பதற்காகக் கொடுத்த பணம் அது.

இத்தகைய வாழ்க்கைக்கு அடியில் ஒரு குறை மறைந்திருந்தது. வீடு தோட்ட நிறுவனத்திற்குச் சொந்தம். கொல்லை மண்ணும் அவ்வாறே. வேலை உள்ளவரை வீடு. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 1950களின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது இவ்வுண்மை பலரைச் சுட்டது. தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கும் நோக்கில் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது இந்தப் பின்னணியில்தான்.

அடுத்து வந்த மாற்றங்கள் இரண்டு. முதலாவது, இரப்பருக்குப் பதில் செம்பனை நடப்பட்டது. இரப்பர் மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவ வேண்டும். செம்பனைக் குலையைப் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். அதனால் ஆள் தேவை குறைந்தது. இரண்டாவது, நகரம் தோட்டத்தை நோக்கி நகர்ந்தது. சீபீல்டு தோட்டம் இருந்த இடத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. பிராங் புசார் தோட்டத்தின் மீது புத்ராஜெயா எழுந்தது. 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கான அரங்கம் புக்கிட் ஜாலிலில் கட்டப்பட்டது; அதுவும் முன்னாளில் தோட்டப்பகுதியே. இப்பகுதிகளின் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றின் பெயரில் ‘தோட்டம்’ என்னும் சொல் இன்றும் இருக்கிறது. பெயரில் உள்ள தோட்டத்தை மாணவர்கள் சன்னல் வழியே தேடினால், அவர்கள் காண்பது சாலையும் கட்டடமுமே.

நாட்டின் வளர்ச்சிக்கு இம்மாற்றங்கள் தேவைப்பட்டன. அவற்றால் கல்வியும் புதிய வேலைகளும் கிட்டின என்பதும் உண்மை. ஆயினும், லயத்திலிருந்து அடுக்குமாடிக்குக் குடியேறிய குடும்பங்களின் செலவுக் கணக்கு தலைகீழானது. முன்பு பறித்து உண்ட கீரையைக் காசு கொடுத்து வாங்க நேர்ந்தது. கோழியை மாடிக்குக் கொண்டுபோக வழியில்லை. அண்டை வீட்டாரின் நலனும் தூய்மையும் கருதினால் அது முறையும் அன்று. மேளம் பழகுவதற்குத் திறந்த வெளி இல்லை. வாசலில் அமர்ந்து நாளேடு கேட்டவர்கள், மூடிய கதவுகளுக்குப் பின்னே தனித்தனியாயினர். மழை நாளைத் தாங்கிய கொல்லை போனபோது, உறவைத் தாங்கிய வாசலும் உடன் போயிற்று. இவ்விழப்பைப் பணத்தால் மட்டும் அளவிட முடியாது.

ஆனால் எல்லாம் அழிந்துவிடவில்லை. கிள்ளான் அடுக்குமாடிகளின் நடைவழியில் சாய வாளிகளில் துளையிட்டு வளர்க்கப்படும் கறிவேப்பிலையைக் காணலாம். பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரில், மின்கம்பித் தடத்தின் கீழ்க்கிடந்த நிலத்தை மக்கள் சமூகத் தோட்டமாக மாற்றினர். பிரிக்பீல்ட்ஸிலேயே உள்ள, 1981இல் தொடங்கப்பட்ட நுண்கலைக் கோயில் இசையும் நடனமும் கற்பிக்கிறது. உறுமி மேளம் தைப்பூச நாளில் பத்துமலையில் இன்றும் ஒலிக்கிறது. அதை வாசிப்போருள் பலர் தோட்டத்தையே காணாத நகரத்து இளைஞர்கள். 2020ஆம் ஆண்டிற்கான உலகப் புத்தகத் தலைநகராகக் கோலாலம்பூரை யுனெஸ்கோ தேர்ந்தெடுத்தது. அப்பெருமை நிலைக்க வேண்டுமாயின், வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும் பழைய வழக்கம் மீண்டும் உயிர்பெற வேண்டும்.

‘முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு போவான்’ என்பது பழமொழி. முருங்கைக் கீரையை உண்டவர் முதுமையிலும் கோலூன்றாமல் கைவீசி நடப்பார் என்பது அதன் பொருள். தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்களுக்கு மண்ணில் உரிமை இல்லை. வீட்டிலும் உரிமை இல்லை. ஆனால் அவர்களுள் பலர் புறப்படும்போது கொல்லை முருங்கையில் ஒரு போத்தை ஒடித்து, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துச் சென்றனர். வேர் இல்லாத அந்தக் கொம்பு மண்ணும் நீரும் கிடைத்த இடத்தில் துளிர்க்கும். அதுபோலவே, கற்ற தாளமும் கற்ற எழுத்தும் பகிர்ந்துண்ணும் பழக்கமும் அவர்களோடு நகருக்கு வந்தன. அவற்றைத் தளிர்க்கச் செய்ய, மாடத்தில் ஒரு தொட்டியும் வாரத்தில் ஒரு மாலையும் ஒதுக்கினாலே போதும்.