அளவு சொல்லாத தலையணை

நீளம், அகலம், உயரம். இணையச் சந்தையில் சரக்கைப் பதிவு செய்யும் வியாபாரி அவசரத்தில் காலியாக விட்டுவிடும் மூன்று கட்டங்கள் இவை.

2007இல் பெங்களூரில் ஃபிளிப்கார்ட் தொடங்கியபோது இந்தத் தலைவலி இல்லை. விற்றது புத்தகம். இடம் கொஞ்சம், கனம் அதிகம், தராசு போதும். 2013இல் அந்தத் தளம் வெளி வியாபாரிகளுக்கும் சந்தையானது. தலையணையும் பிளாஸ்டிக் கூடையும் விற்கும் சந்தையில் தராசை மட்டும் நம்ப முடியாது.

காரணம், கூரியர்காரர்களின் கணக்கு. மூன்று அளவுகளையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுக்கிறார்கள். வரும் விடைக்கும் நிஜ எடைக்கும் எது அதிகமோ, அதற்குத்தான் கட்டணம். 60க்கு 40க்கு 15 செ.மீ. பெட்டியில் போகும் ஒரு கிலோ தலையணை இந்தக் கணக்கில் 7.2 கிலோ! வண்டியில் இடத்தை அடைப்பது காற்றே ஆனாலும் வாடகை வாடகைதான்.

கட்டம் காலியென்றால்? கணினி அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் பெருக்கினாலும் பூஜ்யம். வாங்குபவரிடம் ஒரு கிலோவுக்கே வசூலாகிறது. கூரியர் கிடங்கில் பெட்டியை அளந்ததும் வித்தியாசம் வியாபாரியின் தலையில். 300 ரூபாய்த் தலையணையில் லாபமே அவ்வளவு தேறாது.

அளவில்லாத சரக்கைச் சேர்க்கவே மறுப்பது கறாரான வழி. ஆனால் அவசரக்காரர் மூன்றிலும் '1' என்று தட்டிவிடுவார். அதற்குக் காலிக் கட்டமே தேவலை, கண்ணிலாவது படும். அதே வகைச் சரக்கின் வழக்கமான அளவைத் தற்காலிகமாக வைத்து, முதல் பெட்டியை அளந்ததும் திருத்திக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். அந்த முதல் பெட்டியின் நஷ்டம் யாருக்கு என்பதை மட்டும் முன்பே பேசிவைக்க வேண்டும்.