அம்பியூலன்ஸ் வரும் வரை

காலைக் கூட்டத்தில் மாணவி ஒருத்தி மயங்கி விழுவதை நம்மில் அநேகர் பார்த்திருப்போம். உடனே பத்துப் பேர் சூழ்ந்து கொள்வார்கள். ஒருத்தி அவளைத் தூக்கி உட்கார வைப்பாள். இன்னொருத்தி தண்ணீர்ப் போத்தலை வாயில் வைப்பாள். எல்லாம் நல்ல எண்ணத்தில்தான். ஆனால் இரண்டுமே தவறு.

மூளைக்குச் செல்லும் இரத்தம் சற்று நேரம் குறைவதால் வருவதே சாதாரண மயக்கம். காலையில் சாப்பிடாமை, வெயில், நீண்ட நேரம் அசையாமல் நிற்றல் என்பன இதற்குக் காரணமாகலாம். அவளைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். கழுத்தை இறுக்கும் ஆடையைத் தளர்த்துங்கள். நன்றாகத் தெளிந்த பின்னரே தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவற்றவரின் வாயில் ஊற்றும் நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

வலிப்பு

வலிப்பு வந்தவரின் கையில் சாவியைத் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். சாவிதான் நிறுத்தியது என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். கை கால்களை அழுத்திப் பிடிக்கவோ வாயில் கரண்டி வைக்கவோ கூடாது. தலைக்குக் கீழே மெதுவான துணியை வைத்து, நேரத்தைப் பாருங்கள். நின்றதும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடங்களைத் தாண்டினால் அம்பியூலன்ஸை அழையுங்கள்.

சீனி குறைதல்

நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் உம்மம்மா திடீரென வியர்த்து, நடுங்கி, தடுமாறிப் பேசினால் இரத்தத்தில் சீனி குறைந்திருக்கலாம். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுங்கள்.

மாரடைப்பும் இதய நிறுத்தமும்

இரண்டும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். நெஞ்சு இறுக்கம், வியர்வை, கையிலோ தாடையிலோ வலி ஆகியன அறிகுறிகள். பெண்களுக்கு மூச்சு வாங்குதல், குமட்டல், கடும் களைப்பு என்றும் வரலாம். ‘கேஸ்ட்ரிக்தான்’ என்று உம்மா படுத்துவிட இடங்கொடுக்காமல் 1990 இலக்கத்தை அழையுங்கள். ‘சுவசெரிய’ அம்பியூலன்ஸ் சேவை இலவசமானது.

இதய நிறுத்தத்தில் இதயத் துடிப்பே நின்றுவிடுகிறது. தட்டி அழைத்தாலும் பதில் இராது. சரியான மூச்சும் இராது. இடையிடையே திணறி இழுப்பது மூச்சல்ல. ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் மூளை பாதிப்படையத் தொடங்கும். அம்பியூலன்ஸ் வரும் வரை இரத்தத்தை ஓட வைப்பது அருகிலிருப்பவரின் கைகளே.

1990 ஐ அழைத்துத் தொலைபேசியை ஒலிபெருக்கியில் வையுங்கள். நோயாளியைக் கடினமான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடியாமல் அழுத்துங்கள். பெரியவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள். களைத்தால் இன்னொருவர் மாறலாம். பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு கொடுப்பார்கள். பெறாதவர்கள் அழுத்தினாலே போதும்.

நாம் ஏன் பழக வேண்டும்?

பொது இடங்களில் விழும் பெண்களுக்கு, ஆண்களை விடக் குறைவாகவே இந்த உதவி கிடைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. தொடுவதற்கான தயக்கம் அதற்கு ஒரு காரணம். ஆடையை அகற்றாமலே அழுத்தத் தொடங்கலாம். பெண்கள் நிறைந்த வீட்டிலோ பஸ்ஸிலோ இதைப் பழகிய ஒரு மாணவி இருந்தால் அந்தத் தயக்கம் ஓர் உயிரைப் பறிக்காது.

வாசிப்பதால் மட்டும் கை பழகாது. இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்பியூலன்ஸும் பொம்மை உருவங்களில் பயிற்சி அளிக்கின்றன. பெற்றோரே, உங்கள் மகளை அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் கூடவே செல்லுங்கள். வீட்டில் யாராவது விழும்போது முதலில் ஓடி வருவது வைத்தியர் அல்ல, நாம்தான்.