முடிவறியா வேடம்

திருப்பதித் தாத்தய்யகுண்டா கங்கையம்மன் திருவிழாவைக் கண்டோர் அறிவர்: ஒளிந்துகொண்ட பாளையக்காரனைத் தேடி அம்மன் வேடத்தின்மேல் வேடம் பூணுகிறாள், துரை வேடம் கண்டு அவன் வெளிப்படுகிறான், தலை வீழ்கிறது. அம்முடிவு ஊரறிந்தது.

முடிவு யாருக்கும் தெரியாமலே வேடம் பூணும் விளையாட்டும் உண்டு. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் ஆக்கி வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அத்தகையது. ஒப்பனை வேண்டா, விடுதி அறையில் ஐவர் கூடினால் போதும். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவர். "மதிலேறுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், நடத்துபவர் ஓர் எண்ணைக் குறிப்பார். இருபது முகப் பகடை அதை எட்டினால் ஏறிவிட்டார், எட்டாவிடில் வழுக்கினார். (அந்தப் பகடை கிடைக்காவிடில் தாயக்கட்டையும் ஆகும்.)

நடத்துவோர் பலர் முடிவை முன்பே எழுதிவைத்து எல்லோரையும் அங்கே இழுத்துச் செல்கின்றனர். ஆட்டம் அங்கேதான் கெடுகிறது. பாளையக்காரன் எங்கே ஒளிந்தான், எதற்கு அஞ்சுகிறான் என்பவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். துரை வேடத்தை எவரும் நினையாமல், அவன் சமையற்காரனோடு பேச்சுக் கொடுத்தால்? கொடுக்கட்டுமே!

ஆட்டமெல்லாம் பேச்சுத்தான். ஆதலால், தெலுங்கு இன்னும் நாவில் படியாமல் அறைக்குள்ளேயே ஒதுங்கிக் கிடக்கும் புதிய தோழரை முதலில் அழையுங்கள், தமிழிலேயே ஆடுங்கள். அவர் வாய் திறவாவிடில், "இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் பாத்திரத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

முதற் கதைக்குக் களம் தேடி அலையவேண்டா. சித்தூர் செல்லும் வழியில் சந்திரகிரிக் கோட்டை இருக்கிறது.