குறைந்த செலவில் கூடுதல் சக்தி

கோவை எஸ். கரிவர்தன் 1988-இல் பார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கினார். அதில் இருந்தது நாம் கடைத்தெருவுக்கு ஓட்டிப்போன மாருதி 800-இன் அதே 796 சி.சி. இன்ஜின்தான். வசதி குறைந்த இளைஞர்களுக்கும் பந்தயக் களம் திறந்தது.

திருவனந்தபுரத்தில் பழைய மாருதி வைத்திருக்கும் நம் பிள்ளைகள் சிலர், "சக்தியைக் கூட்ட என்ன செய்யலாம், சார்?" என்று கேட்கிறார்கள். ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளன் என்ற முறையில் என் பதில்: சிலிண்டர் ஹெட்டைக் கவனியுங்கள்.

முதலில் வால்வுகள். பேஸ்ட் இட்டுத் தேய்த்து, சீட்டில் சரியாக உட்காரச் செய்யுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றினால் கசியக்கூடாது. இழந்த சக்தியில் பெரும்பகுதி இதிலேயே திரும்பிவிடும்.

அடுத்து, காற்று செல்லும் போர்ட். கண்ணாடிபோல் மெருகேற்ற வேண்டியதில்லை. சீட்டை ஒட்டிய வார்ப்பு மேடுகளையும், மேனிஃபோல்டு சேருமிடத்துப் படியையும் சமன்செய்தால் போதும். துளையைப் பெரிதாக்கினால் காற்றின் வேகம் குறைந்து, மேட்டில் வண்டி திணறும்.

மூன்றாவது, ஹெட்டைச் சீவுதல். இந்த இன்ஜினின் அழுத்த விகிதம் 8.7. எரியறையில் 2 சி.சி. குறைந்தாலே அது 9.2-ஐ நெருங்கும். அளவு மீறினால் இன்ஜின் தட்டும், பிஸ்டனும் போகும். எரியறையை மருந்துக்கடை ஊசிக்குழலாலேயே அளந்துவிடலாம்.

சீவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, தம்பிகளே! அளந்த பிறகே அரத்தைத் தொடுங்கள்.