கடன் கொடுக்கும் பாடவேளைகள்

நமது பாடசாலைகளின் நேரசூசியை நோக்குவார்க்கு அதிற் குறை எதுவும் புலப்படாது. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றோடு சித்திரம், சங்கீதம், நடனம், உடற்கல்வி, செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள், புவியியல், குடியியற் கல்வி, இரண்டாம் மொழியாகிய சிங்களம் யாவும் தத்தமக்குரிய கட்டங்களில் ஒழுங்காக அமைந்திருக்கும். ஆயின் வகுப்பறையிலே நிகழ்வது வேறு. "இன்று சங்கீதப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்கிறோம்" என்னும் அறிவித்தலைக் கேளாத மாணாக்கர் அரியர். கணிதப் பாடவேளை சங்கீதத்துக்குக் கொடுக்கப்பட்டதாக எவரும் கேள்வியுற்றதில்லை. கடன் கொடுக்கும் பாடங்கள் என்றும் கொடுத்த வண்ணமே இருக்கின்றன. கொடுத்த கடன் திரும்பி வருவதில்லை.

6ஆந் தரம் முதல் 9ஆந் தரம் வரையுள்ள கனிஷ்ட இடைநிலை வகுப்புக்களைப் பற்றியே ஈண்டுப் பேசுகின்றோம். 5ஆந் தரத்திலே புலமைப்பரிசிற் பரீட்சை. 11ஆந் தரத்திலே கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தரப் பரீட்சை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்நான்கு ஆண்டுகளிலும் பொதுப் பரீட்சை எதுவும் இல்லை. பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை பல துறைகளையும் தொட்டுப் பார்த்துத் தனக்கு ஏற்றது எதுவெனக் கண்டுகொள்ளட்டும் என்னும் நோக்குடனேயே இத்தனை பாடங்கள் அவ்வகுப்புக்களில் வைக்கப்பட்டுள்ளன. ஆயினும் 11ஆந் தரப் பரீட்சையின் நிழல் 6ஆந் தரம் வரைக்கும் நீண்டு விழுகின்றது.

இழப்பின் அளவை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். பாடவேளை ஒன்று 40 நிமிடம். வாரத்துக்கு ஒரு பாடவேளை மாத்திரமே பறிபோகின்றது என்றும், ஆண்டொன்றுக்கு 35 வாரங்கள் பாடசாலை நடைபெறுகின்றது என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகளில் 140 பாடவேளைகள், அஃதாவது ஏறத்தாழ 93 மணித்தியாலங்கள் அப்பாடத்துக்கு இல்லாமற் போகின்றன. ஒரு பிள்ளை சுரத்தானங்களைப் பிழையறப் பாடவும், கண்ணாற் கண்டதைக் கையால் வரையவும், அயலவருடன் சிங்களத்திலே நாலு வார்த்தை தடையின்றிப் பேசவும் பழகுவதற்கு இது சிறிய காலம் அன்று.

இவ்வகுப்புக்களைத் தாண்டிய பின்னர் கற்றுக்கொள்ளலாமே எனச் சிலர் கூறுவர். அதுவும் எளிதன்று. சாதாரண தரத்துக்குரிய ஒன்பது பாடங்களுள் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்னும் ஆறும் கட்டாயமானவை. எஞ்சிய மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிதல் வேண்டும். புவியியல், குடியியற் கல்வி, இரண்டாம் மொழிச் சிங்களம், வர்த்தகம் ஆகியன ஒரே தொகுதியில் உள்ளன. வர்த்தகத்தைத் தெரியும் மாணாக்கனுக்கு 9ஆந் தரத்தோடு ஏனைய மூன்றும் முடிந்துவிடுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத இந்நிலம் சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. மழைநீரே அக்கல்லின் வழியே இறங்கி எமது கிணறுகளில் ஊறுகின்றது. தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சி இடும் பசளையும் அவ்வழியே இறங்கிக் குடிநீரிற் கலக்கின்றது. இவ்வுண்மையை வகுப்பிலே அறியத் தவறிய பிள்ளை, பின்னர் தோட்டக்காரனாயினும் உத்தியோகத்தனாயினும், தன் கிணற்றைக் காக்கும் வகையை எங்ஙனம் அறிவான்?

இனி, நம் மனத்தை மிகவும் உறுத்தும் விடயத்துக்கு வருவோம். பாடசாலையிலே குறைந்துபோன கணிதத்தை மாலையில் ரியூற்றறியிற் பெறலாம். அது மூலைக்கு மூலை உண்டு. குறைந்துபோன சங்கீதத்தை எங்கே பெறுவது? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வயலின் ஆசிரியர் வீடு தேடி வருவார்; நடன வகுப்புக்குத் தந்தையார் மோட்டார் வண்டியில் அழைத்துச் செல்வார். கூலித்தொழிலாளியின் மகளுக்கோ, மீன்பிடித் தொழிலாளியின் மகனுக்கோ, பாடசாலையின் அந்த 40 நிமிடமே கலைக்கும் விளையாட்டுக்கும் கிடைக்கும் ஒரே வாசல். அதை அடைக்கும்போது நாம் எல்லாப் பிள்ளைகளிடமிருந்தும் ஒரே அளவாக எடுப்பதில்லை. இல்லாதவனிடமிருந்தே அதிகம் எடுக்கின்றோம். 1945ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது, செல்வர் வீட்டுப் பிள்ளை பெறுவதை வறியவர் வீட்டுப் பிள்ளையும் பெறல் வேண்டும் என்பதற்காக அன்றோ?

அவ்வாறாயின் எல்லாப் பாடங்களையும் பொதுப் பரீட்சையிற் சேர்த்துவிட்டாற் போதாதா என்று கேட்கலாம். இந்நாடு அதனையும் செய்து பார்த்திருக்கின்றது. 1972ஆம் ஆண்டின் சீர்திருத்தம் உள்ளூர்த் தொழில்களைத் தழுவிய தொழில் முன்னிலைப் பாடங்களை இடைநிலை வகுப்புக்களிற் புகுத்தித் தேசிய கல்விச் சான்றிதழ்ப் பரீட்சைக்கும் உரியனவாக்கிற்று. 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின் அச்சான்றிதழ் கைவிடப்பட்டுச் சாதாரண தரப் பரீட்சை மீண்டபோது, அப்பாடங்களும் தம் இடத்தை இழந்தன. பரீட்சையை மட்டும் தூணாகக் கொண்டு நின்ற பாடம் பரீட்சை சரிந்ததும் சரிந்தது. அன்றியும், பரீட்சைக்கென்றே கற்பிக்கப்படும் சித்திரமும் சங்கீதமும் மனனக் குறிப்புக்களாக மாறிவிடுவதை நாம் இன்றும் காண்கின்றோம்.

பரீட்சையை எதிர்நோக்காது விருப்பத்தால் வளர்ந்த கல்விக்கு எம்மிடமே உதாரணம் உண்டு. 1938ஆம் ஆண்டிலே எஸ். ஆர். கனகசபை அவர்கள் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். பின்னாளில் அ. மாற்கு அவர்கள் பாடசாலைச் சித்திர ஆசிரியராக இருந்துகொண்டே பல இளைஞரின் கையிற் தூரிகையைக் கொடுத்தார். ஈழத்துத் தமிழ் ஓவியத்தின் வரலாறு இத்தகைய ஆசிரியர்களாலேயே ஆக்கப்பட்டது.

பெற்றாரை மட்டும் நோவது முறையன்று. பல்கலைக்கழக அனுமதிக்குரிய போட்டி கடுமையானது. பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணி அவர்கள் அஞ்சுவது இயல்பு. ஆசிரியரும் பெறுபேறுகளைக் கொண்டே மதிக்கப்படுகின்றனர். ஆயினும் பெரும் பொருட்செலவின்றிச் செய்யத்தக்கன சில உள. நேரசூசியில் உள்ள பாடவேளையை வேறொரு பாடத்துக்கு மாற்றுவதில்லை என அதிபர் உறுதி பூணலாம். விடுமுறையில் நிற்கும் ஆசிரியரின் வகுப்பைப் பார்க்க, சித்திர ஆசிரியரையும் உடற்கல்வி ஆசிரியரையும் அவர்தம் சொந்த வகுப்பிலிருந்து அழைக்காது விடலாம். தவணைதோறும் ஒரு நாள், மாணாக்கர் வரைந்தவற்றையும் தைத்தவற்றையும் நட்டு வளர்த்தவற்றையும் பெற்றார் கண்டு செல்ல ஒழுங்கு செய்யலாம். ஊரிலுள்ள தச்சரையும் நாதசுரக் கலைஞரையும் அண்ணாவியாரையும் வகுப்புக்கு அழைக்கலாம்.

பெற்றார் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தவணை அறிக்கை வீட்டுக்கு வரும் நாளிலே கணிதத்துக்கு எத்தனை புள்ளி எனக் கேட்பது வழக்கம். அதனைக் கேட்க வேண்டாம் என நாம் கூறவில்லை. இத்தவணையில் என்ன வரைந்தாய், என்ன பாடினாய், என்ன செய்து பழகினாய் என்றும் உடன் கேளுங்கள். ஒன்றுமில்லை எனப் பிள்ளை விடை கூறுமாயின், அடுத்த பெற்றார் கூட்டத்திலே அதன் காரணத்தைப் பாடசாலையிடம் கேளுங்கள். கேட்பார் உளர் என்று அறிந்தாற் கடன் வாங்கும் கை சற்றுத் தயங்கும்.